களத்திலிருந்து கிடங்கு வரை

நெல் விளைவது வயலில். ஆனால் அது சோறாவதற்கு வயல் மட்டும் போதாது. மேட்டூரில் திறந்த நீர் கல்லணையில் பிரிந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பாய்ந்து, நாற்றங்காலை நனைத்து, நடவு முடிந்து, களை பறித்து, உரமிட்டு, கதிர் முற்றி அறுத்த பின்னரும் உழவரின் கவலை ஓய்வதில்லை. உண்மையில் அவரது பெருங்கவலை அறுவடைக்குப் பின்னர்தான் தொடங்குகிறது. களத்தில் குவிந்த நெல் கிடங்கின் கூரையை அடையும்வரை உள்ள அந்தச் சில நாள்களில்தான் நான்கு மாத உழைப்பு காசாகிறதா, கரைந்து போகிறதா என்பது முடிவாகிறது.

2025ஆம் ஆண்டின் குறுவை இதற்குச் சான்று. அவ்வாண்டு மேட்டூர் அணை குறித்த நாளாகிய ஜூன் 12ஆம் நாளே திறக்கப்பட்டது. காவிரிப் படுகை மாவட்டங்களில் 6 இலட்சம் ஏக்கருக்கு மேல் குறுவை பயிராயிற்று. விளைச்சலும் நன்றாகவே இருந்தது. ஆனால் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்தபோது, கொள்முதல் நிலையங்களின் வாயிலில் நெல் மலைபோல் குவிந்து கிடந்தது. பல இடங்களில் நனைந்த நெல் முளைவிட்டது. பயிர் பொய்க்கவில்லை; நீர் பொய்க்கவில்லை; விலையும் வீழவில்லை. ஆயினும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. இஃது ஏன் நிகழ்கிறது? இதைச் சற்றே நிதானமாக ஆராய்வோம்.

நெல் செல்லும் வழி

நகரத்தில் வாழும் நம்முள் பலர், நியாயவிலைக் கடையில் வாங்கும் அரிசி எவ்வழியே வந்தது என எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வழி நீண்டது. உழவர் தம் நெல்லை டிராக்டரிலோ மாட்டு வண்டியிலோ ஏற்றி, அருகிலுள்ள நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டு செல்கிறார். சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் காட்டிப் பதிவு செய்கிறார். அண்மை ஆண்டுகளில் இப்பதிவு இணையவழியில் நடைபெறுகிறது. முறை வரும்வரை நெல்லைக் குவித்துக் காவல் இருக்கிறார்.

முறை வந்ததும் ஈரப்பதம் பார்க்கப்படுகிறது. தூற்றும் இயந்திரத்தில் பதரும் தூசும் நீங்குகின்றன. பின்னர் நாற்பது கிலோ வீதம் சாக்கில் பிடித்து எடை போட்டுத் தைக்கிறார்கள். இந்த நாற்பது கிலோ மூட்டைக்குச் ‘சிப்பம்’ என்று பெயர். பட்டியல் எழுத்தர் கணக்கெழுதுகிறார். பணம் உழவரின் வங்கிக் கணக்குக்குச் செல்கிறது. சுமைதூக்கும் தொழிலாளர்கள் சிப்பங்களை அடுக்குகிறார்கள். லாரி வந்து அவற்றை ஏற்றிக்கொண்டு கிடங்குக்கோ, தார்ப்பாய் போர்த்திய திறந்தவெளிச் சேமிப்பு நிலையத்துக்கோ செல்கிறது. அங்கிருந்து ஒரு பகுதி உள்ளூர் அரவை ஆலைகளுக்கும், பெரும்பகுதி சரக்கு இரயிலில் வெளிமாவட்ட ஆலைகளுக்கும் போகிறது. அரைபட்ட அரிசி மீண்டும் கிடங்குக்கு வந்து, மாநிலமெங்கும் உள்ள 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நியாயவிலைக் கடைகளை அடைகிறது. அக்கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே.

இத்தனை கண்ணிகள் கொண்ட சங்கிலி இது. இதில் எந்தக் கண்ணி தளர்ந்தாலும் அதன் சுமை பின்னோக்கி நகர்ந்து, இறுதியில் வந்து விழும் இடம் ஒன்றே. அது களத்தில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறு உழவரின் தலை.

அன்றைய ஏற்பாடு

பழைய தஞ்சை மாவட்டத்தில் நெல் காத்திருப்பதற்கு இடம் இருந்தது. மிராசுதாரர் வீட்டில் மரப் பத்தாயம் இருந்தது. எளியவர் வீட்டில் மண்குதிர் இருந்தது. வைக்கோற் பிரியால் கட்டிய சேர் முற்றத்தில் நின்றது. அறுத்த தாளைக் கட்டி, களத்தில் போரிட்டு, அடித்துத் தூற்றி, பல நாள்கள் வெயிலில் காய்ந்த நெல்தான் அளவைக்கு வந்தது. பன்னிரண்டு மரக்கால் கொண்ட கலக் கணக்கில் அளந்து உள்ளே வைத்தார்கள். விலை வரும்போது விற்றார்கள். அக்காலத்தை நாம் பொற்காலமாகப் போற்ற வேண்டியதில்லை. பத்தாயம் நிறைந்த வீடுகள் சில. கூலி நெல்லுக்குக் காத்திருந்த குடிசைகள் பல. ஆயினும் அறுவடைக்கும் விற்பனைக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. அந்த இடைவெளிக்கு ஒரு கூரையும் இருந்தது என்பதை மட்டும் நினைவிற் கொள்வோம்.

நெல்லை வெளியூருக்குக் கொண்டு செல்லும் வழியும் இந்நாட்டில் முன்பே அமைந்தது. நாகப்பட்டினத்துக்கும் தஞ்சாவூருக்கும் இடையே 1861ஆம் ஆண்டிலேயே இரயில் ஓடியது. மறு ஆண்டில் பாதை திருச்சிராப்பள்ளியை எட்டியது. தஞ்சைத் தரணியின் அரிசி நாகைத் துறைமுகம் வழியாக இலங்கைக்குச் சென்றது.

விடுதலைக்குப் பின், நாட்டில் உணவுப் பற்றாக்குறை நிலவிய காலத்தில், அரசின் கவனம் இம்மாவட்டத்தின் மீது திரும்பியதில் வியப்பில்லை. 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு நாட்டில் முதலில் தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. 1965ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் இந்திய உணவுக் கழகம் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்ததும் தஞ்சாவூரில்தான். 1972இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் தோன்றியது. 2002ஆம் ஆண்டு முதல் பரவலாக்கப்பட்ட கொள்முதல் முறையில் இக்கழகமே உழவரிடமிருந்து நெல்லை வாங்கி, அரைத்து, மாநிலத்தின் தேவைக்கு வழங்கி வருகிறது. 2020-21ஆம் கொள்முதல் ஆண்டில் மாநிலம் முழுவதும் வாங்கிய நெல் 40 இலட்சம் டன்னைக் கடந்தது.

இந்த ஏற்பாட்டின் நன்மையை நாம் மறுக்கலாகாது. விலை விழுந்துவிடுமோ என்னும் அச்சத்தை அது பெருமளவு நீக்கியது. 2025-26ஆம் பருவத்துக்குச் சாதாரண இரக நெல்லுக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500 ரூபாயும், சன்ன இரகத்துக்கு 2,545 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. அதாவது சாதாரண இரகச் சிப்பம் ஒன்றுக்கு 1,000 ரூபாய். விலை உறுதி. ஆனால் அவ்விலையை எந்த நாளில் பெறுவோம் என்பதற்குத்தான் உறுதியில்லை.

மணிக்கு ஓர் ஏக்கர்

இடையில் நேர்ந்த பெருமாற்றம் அறுவடை இயந்திரம். ஆள் கிடைக்காத நிலையில் அதை வேண்டாம் என்று ஒதுக்க இயலாது. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை அறுத்து, அடித்து, நெல்லைத் தனியே பிரித்துக் கொட்டிவிடுகிறது. முன்பு தாளோடு காய்ந்து, போரில் காய்ந்து, களத்தில் காய்ந்த நெல், இப்போது அறுத்த அன்றே ஈரத்தோடு விற்பனைக்கு வந்து நிற்கிறது. பல வாரங்கள் நடந்த அறுவடை சில நாள்களில் முடிகிறது. அறுவடை விரைந்தது, ஆனால் அதை ஏற்கும் வழி அவ்வளவு விரையவில்லை. இன்றைய இடர்ப்பாட்டின் வேர் இங்கேதான் உள்ளது.

எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு 2 டன் விளைகிறது எனக் கொண்டால் அது 50 சிப்பம். ஒரு கொள்முதல் நிலையம் நாளொன்றுக்கு 1,000 சிப்பம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். அது 20 ஏக்கரின் நெல். ஓர் இயந்திரம் ஒரு நாளில் 10 ஏக்கர் அறுக்குமானால், இரண்டே இயந்திரங்களின் ஒரு நாள் அறுவடை ஒரு நிலையத்தின் ஒரு நாள் வேலைக்குச் சரியாகிவிடும்.

அந்த நிலையத்தை நம்பிய ஊர்களில் 400 ஏக்கர் குறுவை இருந்து, நான்கு இயந்திரங்கள் இறங்கினால் என்ன ஆகும்? பத்தே நாளில் அறுவடை முடிந்துவிடும். 20,000 சிப்ப நெல் வந்து சேரும். ஆனால் அந்தப் பத்து நாளில் நிலையம் ஏற்பது 10,000 சிப்பம். மீதிப் பாதி வானத்தின் கீழ்க் கிடக்கும். கடைசியாக அறுத்தவர் இன்னும் பத்து நாள் காத்திருக்க வேண்டும். எந்த நிலையத்திலும் ஒரு நாளும் வேலை தடைப்படாமல் இருந்தால்தான் இக்கணக்கு! சாக்கு தீர்ந்தாலோ, லாரி வராவிட்டாலோ, மழை பெய்தாலோ காத்திருப்பு இன்னும் நீளும். யாருடைய தவறும் இல்லாமலே நேரும் தேக்கம் இது. தவறும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

சாக்கும் இரயிலும்

சாக்கு சிறு பொருள்தானே என்று தோன்றும். ஆனால் சாக்கில்லையேல் எடையில்லை, எடையில்லையேல் பணமில்லை. உணவுத் தானியங்களைச் சணற்பைகளில் கட்ட வேண்டும் என்பதற்கு 1987ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. அச்சாக்குகள் பெரும்பாலும் மேற்கு வங்கத்தில், ஊக்ளி ஆற்றங்கரைச் சணலாலைகளில் நெய்யப்படுகின்றன. கொல்கத்தாவிலுள்ள சணல் ஆணையர் அலுவலகத்தின் வழியே மாநிலங்கள் தம் தேவையைத் தெரிவித்துப் பெறுகின்றன. ஆகவே, மன்னார்குடிக்கு அருகே ஒரு களத்தில் நெல் காத்திருக்கும்போது, அதன் விடுதலை ஆயிரம் கல் தொலைவிலுள்ள ஒரு தறியைச் சார்ந்திருக்கிறது. பருவத்துக்குச் சில மாதங்கள் முன்னரே சாக்குக் கணக்குப் போட வேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

அடுத்தது போக்குவரத்து. ஒரு சரக்கு இரயில் ஏறத்தாழ 2,000 டன் நெல்லை ஏற்றிச் செல்லும். அது 50,000 சிப்பம். மேலே நாம் கணக்கிட்ட 400 ஏக்கர் போல இரண்டரை மடங்கு நிலத்தின் விளைச்சல். லாரிக்கு 20 டன் எனக் கொண்டாலும், அந்த ஓர் இரயிலை நிரப்ப நூறு லாரி நெல் நிலையத்தடிக்கு வர வேண்டும். ஒவ்வொரு சிப்பமும் ஒரு மனிதரின் முதுகிலேறி இறங்குகிறது. சுமைதூக்கும் தொழிலாளர்களைப் பற்றி ஊரில் குறைகூறுவோர் உண்டு. சிப்பத்துக்கு இவ்வளவு எனக் கையூட்டு கேட்கப்படுவதாக விவசாயச் சங்கங்கள் பல்லாண்டுகளாக முறையிட்டு வருகின்றன. அது ஒழிய வேண்டிய தீமை என்பதில் ஐயமில்லை. ஆனால் நாள் முழுதும் நாற்பது கிலோவைத் தூக்கிச் சுமப்பவர்க்கு நேர்மையான கூலி நேர்வழியில் கிடைக்கச் செய்வதும் அத்தீமையை ஒழிக்கும் வழிகளுள் ஒன்று.

இரயில் போய்ச் சேரும் ஆலையில் இடம் வேண்டும். ஆலையிலிருந்து அரிசி வெளியேறினால்தான் நெல் உள்ளே போகும். 2025 அக்டோபரில் நேர்ந்த தேக்கத்துக்கான காரணங்களுள் ஒன்றாக மாநில அரசு கூறியது, செறிவூட்டப்பட்ட அரிசியைக் கலப்பதற்கான மத்திய அரசின் ஒப்புதல் தாமதமாயிற்று என்பதாகும். அவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. எங்கோ ஓர் ஆய்வுக்கூடத்தில் காத்திருக்கும் தாள் ஒன்று, திருவாரூர்க் களத்தில் நெல்லை முளைக்க வைக்கக்கூடும் என்னும் உண்மையே நாம் உணர வேண்டியது.

ஈரப்பதம் என்னும் வழக்கு

கொள்முதல் நிலையங்களில் எழும் பூசல்களில் முதன்மையானது ஈரப்பதம். விதிப்படி நெல்லில் 17 விழுக்காடு ஈரம்வரை ஏற்கப்படும். மழைக் காலங்களில் மாநிலம் வேண்டிக்கொள்ள, மத்தியக் குழு வந்து பார்த்து, வரம்பைத் தளர்த்திய ஆண்டுகள் உண்டு. ஆனால் குழு வந்து, மாதிரி எடுத்து, ஆணை பிறப்பதற்குள் நெல் முளைத்துவிடுகிறது என்பது உழவர்களின் குறை.

விதி வீணானதன்று. ஈர நெல்லை அடுக்கி வைத்தால் உள்ளே சூடேறும், பூசணம் பிடிக்கும், அரிசி பழுப்பாகும், அரைக்கும்போது நொய்யாகும். அந்த அரிசியை உண்பவரும் ஏழையே. ஆகவே ஈரத்தைக் கவனியாமல் வாங்குக என்று கேட்பது அறமாகாது. ஆனால் ஐப்பசி மாதத்தில், மேகம் மூடிய வானத்தின் கீழ், உலர்த்தும் களமும் இல்லாத ஒருவரிடம் ‘உலர்த்திக்கொண்டு வா’ என்று சொல்வதும் அறமாகாது. தார்ச்சாலை ஓரங்களில் நெல் காய்வதைப் பயணம் செய்வோர் காண்கின்றனர். சிலர் எரிச்சலும் கொள்கின்றனர். வேறு இடமின்றித்தான் அவர் அங்கே பரப்புகிறார் என்பதை நாம் உணர வேண்டும்.

குறுகிய காலக் குறுவை இரகங்கள் பல, அறுத்த கையோடு ஈரம்பட்டால் விரைவில் முளைவிடுபவை. அக்குறுவை அறுவடையாகும் காலமோ பருவமழை தொடங்கும் காலம். சம்பா, தாளடிக்குத் தை, மாசி வெயில் துணை என்றிருந்தோம். 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் பருவந்தவறிப் பெய்த மழை அத்துணையையும் நம்ப முடியாதபடி செய்துவிட்டது.

காத்திருப்பின் விலை

இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டில் நிலவுடைமைகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் சிறு, குறு உடைமைகளே. ஆகவே இக்குடும்பம் விதிவிலக்கன்று. நல்ல விளைச்சலில் 100 சிப்பம். அதன் விலை ஒரு இலட்சம் ரூபாய். அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. அதை அன்றே கொடுத்தாக வேண்டும். 20 விழுக்காடு ஈரத்தில் வந்த நெல் 17 விழுக்காட்டுக்குக் காய்ந்தால் நூறு சிப்பம் தொண்ணூற்றாறு சிப்பம் சொச்சமாகும். குறைந்தது தண்ணீர்தான், அதற்கு விலை கேட்பதற்கில்லை. ஆனால் பகலில் பரப்பி, மாலையில் வாரி, மழை வந்தால் ஓடி மூடி, இரவில் காவலிருந்து, மறுநாள் மீண்டும் பரப்பும் உழைப்புக்கு யார் கூலி தருவது? பெரும்பாலும் அவ்வுழைப்பு வீட்டுப் பெண்களுடையது. அது எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. நனைந்தும் காய்ந்தும் மாறி மாறித் துன்புற்ற மணி வெடிப்பு விட்டு, அரவையில் உடைந்தும் போகிறது.

பெரிய உழவர் காத்திருக்க இயலும். அவரிடம் கிடங்கு உண்டு, கையிருப்பு உண்டு, சொந்த டிராக்டர் உண்டு. சிறியவருக்கு இம்மூன்றும் இல்லை. ஈரத்தோடு எடுத்துக்கொண்டு கையோடு பணம் தருவேன் என்று வரும் வியாபாரிக்கு, அறிவித்த விலையிலும் குறைத்து அவர் விற்றுவிடுகிறார். குத்தகைக்கு உழுவோரின் நிலை இன்னும் கடினம். காவிரிப் படுகையில் கோயில், மட நிலங்கள் உட்படக் குத்தகைச் சாகுபடி மிகுதி. தம் பெயரில் அடங்கல் பெற இயலாதவருக்கு நிலையத்தின் வாயில் எளிதில் திறப்பதில்லை. அரசு அறிவித்த விலை அனைவர்க்கும் ஒன்றே. ஆனால் காத்திருக்க வலிமை உள்ளவருக்கே அது முழுமையாகக் கிட்டுகிறது. நாம் வருந்த வேண்டிய அநீதி இதுவே.

பிறர் காட்டும் வழி

இவ்விடர் நமக்கு மட்டும் உரியதன்று. சிறு வயல்களும் மழையும் உள்ள ஜப்பானில், வேளாண் கூட்டுறவுச் சங்கங்கள் உலர்த்தும் நிலையங்களையும் உயர்ந்த தானியக் கிடங்குகளையும் தாமே நடத்துகின்றன. உழவர் அறுத்த ஈர நெல்லை அப்படியே கொண்டு வந்து கொட்டுகிறார். ஈரத்தை அளந்து, உலர்ந்த எடை இவ்வளவு எனக் கணக்கிட்டு, சங்கமே உலர்த்திச் சேமிக்கிறது. தென்கொரியாவிலும் 1990களின் தொடக்கத்திலிருந்து இத்தகைய நெல் பதனிடும் வளாகங்கள் பல எழுந்தன. ‘உலர்த்திக் கொண்டு வா’ என்பதற்கும், ‘கொண்டு வா, உலர்த்துவோம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

நம் நாட்டிலேயே பாலைப் பாருங்கள். குஜராத்தின் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர்கள் 1946இல் கூட்டுறவு ஒன்றியம் அமைத்தபோது, ஓர் உண்மையை உணர்ந்திருந்தனர். பால் காத்திராது. ஆகவே ஊர்தோறும் சேகரிப்பு, காலையும் மாலையும் வண்டி, குளிரூட்டும் நிலையம் என, பால் செல்லும் வழியைத் தம் கையில் எடுத்துக்கொண்டார்கள். ஒற்றை எருமை வைத்திருந்தவரும் பெருநகரச் சந்தையை அடைந்தார். ஈர நெல்லும் பாலைப் போன்றதே. ஒரு நாளில் கெடாவிட்டாலும் சில நாளில் கெடும். பாலுக்குச் செய்ததை நெல்லுக்குச் செய்ய நாம் தயங்குவது ஏன்?

நம் பகுதிக்கும் இதில் அறிவுச் செல்வம் உண்டு. தஞ்சைப் படுகையின் ஈர நெல்லைக் காப்பதற்கென்றே 1960களின் பிற்பகுதியில் திருவாரூரில் தோன்றிய ஆராய்ச்சிப் பணி, பின்னர் தஞ்சாவூரில் பெரிய நிறுவனமாக வளர்ந்து, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகிறது. வெயில் இல்லாத நாளில் ஈர நெல்லோடு உப்பும் உமியும் கலந்து வைத்தால் முளைப்பைச் சில நாள் தடுக்கலாம் என்பது அங்கே பிறந்த எளிய முறை. அளவையும் முறையையும் வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிந்து கையாளலாம்.

நாம் செய்யக்கூடியவை

அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. நிலையங்களுக்கு நிலையான கட்டடம், சிமென்ட் களம், கூரை, அறுவடைக்கு முன்பே சாக்கும் தார்ப்பாயும், நாளுக்கு நாள் தவறாத லாரி, உலர்த்தும் இயந்திரம். இன்றும் பல நிலையங்கள் திறந்த வெளியில்தான் இயங்குகின்றன. கிராம சபை கூடும் நாளில் இவற்றைத் தீர்மானமாக எழுதி அனுப்பலாம். முளைத்த நெல்லைக் காட்டி ஐப்பசியில் அழுவதினும், ஆடியிலேயே கேட்பது பயன் தரும்.

ஆனால் எல்லாம் அரசே செய்க என்று கைகட்டி நிற்பதும் முறையன்று. ஊரார் கூடினால் அறுவடையையே முறைப்படுத்தலாம். இயந்திரம் கிடைத்தது என்று அனைவரும் ஒரே வாரத்தில் அறுக்காமல், நிலையம் நாளொன்றுக்கு ஏற்கும் அளவைக் கேட்டறிந்து, நடவின்போதே வாய்க்கால் வரிசைப்படி நாள் வகுத்துக்கொள்ளலாம். ஐந்தாறு சிறு உழவர் சேர்ந்து ஒரே வண்டி அமர்த்தினால் வாடகையும் குறையும், காவலும் பகிரப்படும். தார்ப்பாயைத் தனித்தனியே வாடகைக்கு எடுப்பதைவிடக் கூட்டாக வாங்கி வைப்பது சிக்கனம்.

ஊரின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை நாம் பயிர்க் கடனுக்கும் உரத்துக்கும் மட்டுமே நாடுகிறோம். பல சங்கங்களுக்குக் கிடங்கு உண்டு. உலர்ந்த நெல்லை அங்கே வைத்துத் தானிய ஈட்டுக் கடன் பெறும் வழியும் உண்டு. அப்படி வைத்தவர் அவசரத்துக்குப் பணம் பெற்று, முறை வரும்போது நல்ல விலைக்கு விற்கலாம். சங்கத் தேர்தலில் யாருக்கு வாக்களிப்பது என்று பேசும் நாம், சங்கக் கிடங்கின் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதில்லை. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் அண்மை ஆண்டுகளில் பல தோன்றியுள்ளன. பெயர்ப்பலகையோடு நில்லாமல் ஓர் உலர்த்தும் இயந்திரத்தையேனும் அவை பொதுவில் நிறுவினால், அதுவே அவற்றின் பயனுக்குச் சான்றாகும்.

பங்கு மக்களும் ஒன்றை எண்ணலாம். ஊரில் நல்ல சிமென்ட் தளமுள்ள இடங்கள் மிகச் சில. கோயில் வளாகம், பள்ளி முற்றம், சமுதாயக் கூடம் ஆகியவையே அவை. அறுவடை நாள்களில், பள்ளிக்கும் வழிபாட்டுக்கும் இடையூறின்றி, அவற்றை நெல் உலர்த்தத் திறந்துவிட்டால் என்ன? சாதி, சமயம் பாராமல், காத்திருக்கும் ஆற்றல் குறைந்தவர்க்கு, குறிப்பாகக் குத்தகை உழவர்க்கும் கைம்பெண் குடும்பங்களுக்கும், முதலிடம் என்று பங்குப் பேரவை முடிவு செய்தால் அதற்குப் பெருஞ்செலவு எதுவும் இல்லை. மழை வரும் இரவில் ஊர் இளைஞர் பத்துப்பேர் தார்ப்பாய் பிடிக்க ஓடி வந்தால் அதுவும் பிறரன்பே.

மறுமுனையில் நாம்

நூறு கிலோ நெல்லை அரைத்தால் 68 கிலோ புழுங்கல் அரிசி தர வேண்டும் என்பது அரவைக் கணக்கு. அப்படியானால் மாதம் 20 கிலோ அரிசி வாங்கும் குடும்பம் ஒன்று, ஏறத்தாழ 30 கிலோ நெல்லை, அதாவது ஒரு சிப்பத்தில் முக்கால் பங்கை உண்கிறது. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. விலையில்லை என்பதால் அது விலைமதிப்பற்றுப் போய்விடவில்லை. அம்முக்கால் சிப்பத்துக்காக ஒரு குடும்பம் எத்தனை இரவு கண்விழித்தது என்பதை அந்தப் பை சொல்வதில்லை.

அரிசி நன்றாயில்லை என்று கடையில் முகம் சுளிக்கும்போது, அது எங்கே நனைந்தது என்றும் கேட்கப் பழகுவோம். உண்பவரின் குரலும் விளைப்பவரின் குரலும் ஒன்று சேர்ந்தால், இடையிலுள்ள கண்ணிகள் விரைந்து இயங்கும். நாள்தோறும் நம் உணவுக்காக மன்றாடும் நாம், அவ்வுணவு மழையில் நனையாமல் வந்து சேர ஒரு கூரைக்காகவும் சேர்ந்து உழைப்போமாக.